நூறு வருஷம் முன்னாடி ஆடின ஸ்காட்லாந்து ஃபுட்பால் பிளேயரோட வாழ்க்கையைத் தோண்டி எடுக்கிறது எப்படி

பழைய ஃபுட்பால் பிளேயர் ஒருத்தரை நெட்ல தேடினா பொதுவா ஒரு டேபிள் வரும். எந்த வருஷம் எந்த கிளப், எத்தனை மேட்ச், எத்தனை கோல், அவ்ளோதான். அந்த ஆள் எந்த வீட்ல பொறந்தாரு, அப்பா என்ன வேலை பார்த்தாரு, வாரச் சம்பளம் எவ்ளோ, கல்யாணம் ஆச்சா, ஆட்டம் நின்னதுக்கு அப்புறம் என்ன ஆனாரு, இது எதுவும் அங்க இருக்காது. ஆனா 1900-லேர்ந்து 1920 வரைக்கும் ஆடின ஸ்காட்லாந்துக்காரங்களைப் பொறுத்தவரை இதுல பாதிக்கு மேல வீட்ல உட்கார்ந்தே கண்டுபிடிச்சிடலாம், ஏன்னா அந்த நாட்டுல பதிவேடுகளை அவ்ளோ ஒழுங்கா வெச்சிருக்காங்க, அதுல பெரும்பகுதி ஆன்லைன்லயும் வந்தாச்சு. எந்த வரிசையில தேடணும்ங்கிறதுதான் நிறைய பேருக்குப் பிடிபடாத விஷயம். என்னைக் கேட்டா கோல் கணக்கைக் கடைசியில பாருங்க, சாவுலேர்ந்து ஆரம்பிச்சு பின்னாடி போங்க.

சும்மா பொதுவா சொன்னா புரியாது, அதனால ஒரு நிஜ ஆளை வெச்சே சொல்றேன். ஜிம்மி ஸ்பியர்ஸ். முழுப் பேரு ஜேம்ஸ் ஹாமில்டன் ஸ்பியர்ஸ், 1886 மார்ச் 22 கிளாஸ்கோல பொறந்தவர். மேரிஹில்ங்கிற ஜூனியர் டீம்ல ஆடி, 1905-ல ரேஞ்சர்ஸ், 1908-ல கிளைட், 1909-ல இங்கிலாந்து பக்கம் போய் பிராட்ஃபோர்டு சிட்டி, 1912 டிசம்பர்ல லீட்ஸ் சிட்டி. ஸ்காட்லாந்துக்கு ஒரே ஒரு மேட்ச், 1908 மார்ச் 7, டண்டீல டென்ஸ் பார்க் கிரவுண்டுல வேல்ஸுக்கு எதிரா, 2-1 ஜெயிச்சாங்க. 1911 எஃப்.ஏ. கப் (இங்கிலாந்து கிளப்புங்களோட பெரிய நாக்-அவுட் போட்டி) ஃபைனல்ல பிராட்ஃபோர்டு கேப்டன் இவர்தான், அந்தக் கப்பை ஜெயிச்சுக் கொடுத்த ஒரே கோலும் இவரோடது. 1915-ல பட்டாளத்துல சேர்ந்தாரு, 1917 ஆகஸ்ட் 20 பெல்ஜியத்துல பாஷன்டேல் சண்டையில செத்துப்போனாரு, வயசு 31. டேபிள் போட்டு வெச்சிருக்கற சைட்ல இதுல பாதிதான் கிடைக்கும், மீதியை நாமதான் தேடிப் போகணும்.

கடைசியிலேர்ந்து ஆரம்பிங்க

ஏன் சாவுலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்றேன்னா, பொறப்புலேர்ந்து ஆரம்பிச்சா கிளாஸ்கோல ஒரே பேர்ல எத்தனையோ பேர் வந்து நிப்பாங்க, எந்த ஜேம்ஸ் நம்ம ஜேம்ஸ்னு தெரியாம மண்டை காயும். சாவுப் பதிவுல வயசு இருக்கும், பொண்டாட்டி பேரு இருக்கும், அது ரெண்டும் கையில இருந்தா முன்னாடி போற வழி தானா தெளிவாயிடும். ஸ்காட்லாந்துல 1855 ஜனவரி 1-லேர்ந்து பிறப்பு, கல்யாணம், இறப்பு மூணையும் அரசாங்கமே கட்டாயமா பதிவு பண்ண ஆரம்பிச்சுது, அந்தப் பதிவுல இருக்கற விவரம் இங்கிலாந்துப் பதிவை விட ரொம்ப அதிகம். ஸ்காட்லாந்து டெத் சர்டிபிகேட்ல செத்தவரோட அப்பா பேரு, அப்பா தொழில், அம்மா பேரு, அம்மாவோட கல்யாணத்துக்கு முந்தின குடும்பப் பேரு எல்லாம் போட்டிருப்பாங்க. மேரேஜ் சர்டிபிகேட்ல பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரோட அப்பா அம்மாவும் வருவாங்க. பர்த் சர்டிபிகேட்ல அப்பா அம்மா எந்தத் தேதியில எந்த ஊர்ல கல்யாணம் பண்ணாங்கன்னே இருக்கும். அப்போ ஒரு சர்டிபிகேட் கிடைச்சா அடுத்ததுக்கான சாவி அதுலயே இருக்கு. அதே ஆள் இங்கிலாந்துல செத்திருந்தா டெத் சர்டிபிகேட்ல அப்பா அம்மா பேரு எதுவும் வராது, அப்போ கல்யாணத்தைத்தான் பிடிக்கணும்.

இதெல்லாம் ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்ங்கிற அரசாங்க சைட்ல இருக்கு. தேடறது ஃப்ரீ, ஒரிஜினல் பக்கத்தோட ஸ்கேனைத் திறக்கத்தான் கிரெடிட் வாங்கணும். அதனால கண்ணுல பட்டதை எல்லாம் திறக்காதீங்க, முதல்ல வருஷம், கவுண்டி, வயசு எல்லாம் போட்டு ரிசல்ட்டைக் குறுக்கி, ரெண்டு மூணு பேருக்கு வந்ததுக்கு அப்புறம் திறங்க. பிறப்புக்கு நூறு வருஷம், கல்யாணத்துக்கு 75, இறப்புக்கு 50 வருஷம் தாண்டினாத்தான் ஸ்கேன் ஆன்லைன்ல காட்டுவாங்க, நம்ம ஆளுங்க காலத்துக்கு அது பெரிய தடை இல்லை. இன்னொரு விஷயம், ஃப்ரீபிஎம்டினு ஒரு ஃப்ரீ சைட்டை எல்லாரும் சொல்வாங்க, நல்ல சைட்தான், ஆனா அது இங்கிலாந்து வேல்ஸுக்கு மட்டும், அங்க போய் கிளாஸ்கோ குழந்தையைத் தேடி ஒரு நாளை வீணாக்காதீங்க. இங்கிலாந்து கிளப்புக்கு ஆடப் போன இடத்துல கல்யாணமோ குழந்தையோ ஆச்சுன்னா அப்போ அது உதவும்.

ஊர்ப் பேருலயும் ஒரு சிக்கல் இருக்கு. இன்னைக்கு கிளாஸ்கோன்னு சொல்ற இடத்துல நிறைய பகுதி அன்னைக்குத் தனி ஊரு. கோவனும் பார்ட்டிக்கும் 1912-லதான் கிளாஸ்கோவோட சேர்ந்துச்சு. அதனால ரிஜிஸ்ட்ரேஷன் டிஸ்ட்ரிக்ட்ல கிளாஸ்கோன்னு மட்டும் போட்டா ஆள் சிக்கமாட்டாரு, லானார்க் கவுண்டி மொத்தமும் போட்டுத் தேடிட்டு அப்புறம் குறுக்குங்க.

சரியான ஆள்தானான்னு எப்படி உறுதி பண்றது? குடும்பத்துல பேர் வைக்கிற பழக்கத்தைப் பாருங்க. நம்ம ஊர்ல தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற மாதிரியே அங்கயும் முதல் பையனுக்கு அப்பாவோட அப்பா பேரு, ரெண்டாவது பையனுக்கு அம்மாவோட அப்பா பேருன்னு ஒரு வழக்கம் இருந்துச்சு, எல்லாரும் கடைப்பிடிக்கலைன்னாலும் நிறைய குடும்பத்துல பொருந்தும். நடுப் பேரும் பெரும்பாலும் குடும்பத்துல யாரோ ஒருத்தரோட சர்நேமாத்தான் இருக்கும். ஜேம்ஸ் ஸ்பியர்ஸ்னு தேடினா ஒரு கூட்டமே வரும், ஜேம்ஸ் ஹாமில்டன் ஸ்பியர்ஸ்னு தேடினா கூட்டம் கலைஞ்சிடும். நடுப் பேரு தெரிஞ்சா அதை விடவே விடாதீங்க.

சென்சஸ்ல வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்கலாம்

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். பத்து வருஷத்துக்கு ஒருதடவை எடுத்த கணக்கு, நம்ம ஆளுக்குத் தேவையானது 1891 ஏப்ரல் 5, 1901 மார்ச் 31, 1911 ஏப்ரல் 2. ஸ்பியர்ஸை எடுத்துக்கிட்டா 1891-ல அஞ்சு வயசுப் பையன், 1901-ல 15 வயசு முடிஞ்சு ஒன்பதே நாள். 15 வயசுல அந்தக் காலத்துப் பசங்க பெரும்பாலும் வேலைக்குப் போயிட்டிருப்பாங்க, அதனால தொழில்னு இருக்கற காலத்தை முதல்ல பாருங்க, ஃபுட்பால் இல்லாம இருந்திருந்தா இந்த ஆள் என்ன ஆகியிருப்பாருங்கிறதுக்கு பதில் அந்த ஒரு கட்டத்துலதான் இருக்கும். கூடவே அப்பா, அண்ணன் தம்பி தொழிலையும் எழுதி வெச்சுக்கோங்க, கப்பல் கட்டுற யார்டா, நிலக்கரிச் சுரங்கமா, பஞ்சாலையா, ஒரு கிளார்க்கு வேலையாங்கிறதுல இருந்து அந்தக் குடும்பம் எந்தத் தட்டுல இருந்துச்சுன்னு தெரியும்.

ஸ்காட்லாந்து சென்சஸ்ல மட்டும் ஒரு காலம் இருக்கு, ஜன்னல் இருக்கற ரூம் எத்தனைன்னு. முதல்ல பார்க்கும்போது என்னடா இதுன்னு இருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க, ஜன்னலுள்ள ரூம் 1-னு போட்டிருக்கு, அந்த வீட்ல ஆள் 7-னு போட்டிருக்குன்னு வைங்க, சமையல், சாப்பாடு, தூக்கம், குழந்தை பொறக்கறது, பாட்டி சாகறது எல்லாமே அந்த ஒரு ரூம்லதான். கிளாஸ்கோ டெனமெண்ட், அதாவது பல குடும்பம் சேர்ந்து குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடங்கள்ல இதை சிங்கிள் எண்டுன்னு சொல்வாங்க, அதுக்கு அடுத்த படி ரூம் அண்ட் கிச்சன். 1891-ல 1-னு இருந்த எண்ணு 1901-ல 2 ஆச்சுன்னா அந்தக் குடும்பம் ஒரு படி ஏறியிருக்குன்னு அர்த்தம். பையனுக்கு கிளப்புலேர்ந்து சம்பளம் வர ஆரம்பிச்சதும் வீடு மாறுச்சான்னு பார்க்க இதைவிட நேரடியான வழி எனக்குத் தெரிஞ்சு இல்லை. சென்சஸ் பத்து வருஷத்துக்கு ஒருதடவைதான், நடுவுல இருக்கற இடைவெளியை வேல்யுவேஷன் ரோலை வெச்சு நிரப்பலாம், வீட்டு வரிக்காக எடுத்த கணக்கு அது, குடியிருந்தவர் பேரும் வருஷ வாடகையும் இருக்கும், 1905, 1915 ரெண்டும் அதே சைட்லயே இருக்கு.

அட்ரஸ் கிடைச்சதும் நேஷனல் லைப்ரரி ஆஃப் ஸ்காட்லாண்டோட மேப் சைட்டுக்குப் போங்க, காசே கிடையாது. பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே மேப்பை இன்னைய மேப்பு மேல வெச்சுக் காட்டும், அந்தத் தெரு, பக்கத்துல இருந்த ஃபேக்டரி, ஸ்கூல், ஃபுட்பால் கிரவுண்டு எல்லாம் கட்டம் கட்டமாத் தெரியும். வீட்லேர்ந்து கிரவுண்டுக்கு நடந்தா எவ்ளோ தூரம்னு அளந்துகூடப் பார்க்கலாம். 1911 வரைக்குமான பழைய போஸ்ட் ஆஃபீஸ் டைரக்டரிகளும் அதே லைப்ரரியில ஃப்ரீயா இருக்கு, ஆனா அதுல கடைக்காரங்க, வசதியானவங்க பேருதான் அதிகம், கூலி வேலை பார்த்த வீட்டை எதிர்பார்க்காதீங்க.

1911 சென்சஸ்ல ஸ்பியர்ஸ் மாதிரி இங்கிலாந்துல ஆடிக்கிட்டிருந்தவங்களை ஸ்காட்லாந்து சைட்ல தேடி பிரயோஜனம் இல்லை, அவங்க இங்கிலாந்து கணக்குல வருவாங்க, ஃபைண்ட்மைபாஸ்ட், ஆன்சஸ்ட்ரி ரெண்டுலயும் இருக்கு. இதுல ஒரு லாபமும் இருக்கு. இங்கிலாந்துல அந்த வருஷம் வீட்டுக்காரரே கைப்பட எழுதின ஃபார்மையே பத்திரமா வெச்சிருக்காங்க, ஸ்காட்லாந்துல கணக்கெடுக்க வந்தவர் நோட்டுல காப்பி பண்ணினதுதான் மிச்சம். அப்போ குடும்பத் தலைவரா இருந்த பிளேயர்னா அவரோட கையெழுத்தையே பார்க்கலாம். கல்யாணம் ஆகி எத்தனை வருஷம், எத்தனை குழந்தை பொறந்துச்சு, அதுல எத்தனை உயிரோட இருக்குன்னும் அந்த வருஷம் கேட்டிருக்காங்க. தேதியையும் கவனிங்க, ஏப்ரல் 2-ல அந்த ஃபார்ம், 24 நாள் கழிச்சு கப் ஃபைனல் ரீப்ளே, அதாவது முதல் ஃபைனல் டிரா ஆனதால மறுபடி ஆடின மேட்ச். கிளப்போட ஸ்காட்லாந்து பசங்க சில பேர் ஒரே வீட்ல லாட்ஜரா தங்கியிருப்பாங்க, அதனால ஒரு பிளேயர் கிடைச்சா அக்கம்பக்கத்துப் பக்கத்தையும் புரட்டுங்க. அந்த பிராட்ஃபோர்டு டீம்ல பதினொரு பேர்ல எட்டு பேர் ஸ்காட்லாந்துக்காரங்கங்கிறதை மனசுல வெச்சுக்கோங்க.

பழைய பேப்பர்ல தேடறதுக்குன்னு ஒரு கை வேணும்

பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்கைவ்னு பெரிய சைட் இருக்கு, சந்தா கட்டணும். ஒரு மாசத்துக்கு மட்டும் கட்டி, அதுக்குள்ள என்னென்ன தேடணும்னு முன்னாடியே லிஸ்ட் போட்டு வெச்சுக்கிட்டு உட்காருங்க, இல்லைன்னா விளம்பரத்தையும் கொலைக் கேஸையும் படிச்சே மாசம் ஓடிடும், அதுவும் நல்லாத்தான் இருக்கும்ங்கிறது வேற விஷயம். ஃபுட்பாலுக்கு மான்செஸ்டர்லேர்ந்து வந்த அத்லெடிக் நியூஸ், கிளாஸ்கோ ஸ்காட்டிஷ் ரெஃபரீ, அப்புறம் அந்தந்த ஊர் பேப்பர், பிராட்ஃபோர்டு டெய்லி டெலிகிராஃப், லீட்ஸ் மெர்குரி, யார்க்ஷையர் ஈவ்னிங் போஸ்ட் மாதிரி. என் கணக்குல ஊர் பேப்பர்தான் தங்கம், பெரிய பேப்பர் மேட்சை மட்டும் எழுதும், ஊர் பேப்பர்தான் பிளேயருக்குக் கால்ல அடிபட்டதையும், அவர் வீட்ல விசேஷம் நடந்ததையும், லீவுக்கு ஊருக்குப் போயிட்டு வந்ததையும் எழுதும்.

இப்போ தேடற முறை. முதல் விஷயம் ஸ்பெல்லிங். ஸ்பியர்ஸை எழுதறப்போ நடுவுல ஈ முன்னாடி வரணுமா ஐ முன்னாடி வரணுமான்னு அந்தக் காலத்து அச்சுக்காரங்களுக்கே சந்தேகம், ரெண்டு மாதிரியும் போட்டுத் தேடணும். மெக்-னு ஆரம்பிக்கிற பேரு இன்னும் மோசம், பழைய பேப்பர்ல எம் எழுத்து போட்டு மேல ஒரு சின்னக் கொக்கி போட்டு மீதிப் பேரைச் சேர்த்துருவாங்க, நாம மெக்டொனால்டுன்னு முழுசா அடிச்சா ஒண்ணும் வராது, வெறும் டொனால்டுன்னு கிளப் பேரோட சேர்த்து அடிச்சா கொட்டும். முதல் பேரை போடவே மாட்டாங்க, அதனால ஜிம்மின்னு தேடறதுல அர்த்தமே இல்லை. சர்நேம், கிளப் பேரு, ஒரு மாச இடைவெளி, இந்த மூணும் போதும்.

ரெண்டாவது, டீம் லிஸ்டைப் படிக்கத் தெரியணும். அன்னைக்கு எல்லாரும் ஆடினது 2-3-5, அதனால பேருங்க ஒரு வரிசையிலதான் வரும், கோல்கீப்பர், அப்புறம் ரெண்டு பேக், மூணு ஹாஃப்பேக், அஞ்சு ஃபார்வர்டு, அந்த அஞ்சும் வலதுபக்கத்துலேர்ந்து இடதுபக்கம். 1911 ரீப்ளேல பிராட்ஃபோர்டு லிஸ்ட் இப்படி இருக்கும்: மெல்லர்ஸ், கேம்ப்பெல், டெய்லர், ராபின்சன், டாரன்ஸ், மெக்டொனால்டு, லோகன், ஸ்பியர்ஸ், ஓ'ரூர்க், டிவைன், தாம்சன். ஸ்பியர்ஸ் எட்டாவது ஆளா வர்றாரு, அப்போ இன்சைடு ரைட், அதாவது அஞ்சு ஃபார்வர்டுல வலதுபக்கத்துலேர்ந்து ரெண்டாவது. இதைப் பழகிட்டீங்கன்னா ஸ்கேன் கலங்கி ஒரு பேரு படிக்க முடியாம போனாலும் இடத்தை வெச்சே யாருன்னு சொல்லிடலாம். ஸ்காட்லாந்து பேப்பர்ல ட்ரையலுக்கு வந்த பையனோட நிஜப் பேரை மறைச்சு ஜூனியர்னோ வேற ஏதாவது பொய்ப் பேரோ போடுவாங்க, ஒரு கிளப்புல அவர் கையெழுத்துப் போடறதுக்கு ஒரு வாரம் முன்னாடி அப்படி ஒரு மர்ம ஆசாமி ஆடியிருந்தா சந்தேகப்படுங்க, ஆனா வேற ஆதாரம் இல்லாம அவர்தான்னு எழுதிடாதீங்க. ஜூனியர்ங்கிறது அங்க சின்னப் பசங்க ஆட்டமும் இல்லை, அது ஒரு தனிப் பிரிவு, அதுக்குன்னு 1886-லயே ஒரு அசோசியேஷன் வந்துடுச்சு, பெரிய கிளப்புங்க ஆள் பொறுக்கின இடமே அதுதான்.

மூணாவது, ஒரே ரிப்போர்ட்டை நம்பாதீங்க. அந்த ஃபைனலையே எடுத்துக்கோங்க. 1911 ஏப்ரல் 22 சனிக்கிழமை லண்டன் கிரிஸ்டல் பேலஸ்ல நியூகாசில் யுனைடெட்டோட ஆடினாங்க, 69,000 பேர் பார்த்தாங்க, 0-0, எல்லாருக்கும் தூக்கம் வந்த மேட்ச். நாலு நாள் கழிச்சு புதன்கிழமை ஓல்ட் டிராஃபோர்டுல ரீப்ளே, பதினஞ்சாவது நிமிஷம் வாக்குல ஸ்பியர்ஸ் தலையால அடிச்ச பந்து உள்ள போச்சு, 1-0. நியூகாசில் கோல்கீப்பர் ஜிம்மி லாரன்ஸும் கிளாஸ்கோல பொறந்தவர்தான். இப்போ பெரும்பாலும் பிரஸ் பாக்ஸ்ல தூரத்துல உட்கார்ந்து, நம்பர் இல்லாத சட்டை போட்டவங்களைப் பார்த்து எழுதினதுதான் நமக்கு ஆதாரம். அதனால வியாழக்கிழமை வந்த பேப்பர் மூணாவது படிங்க, பிராட்ஃபோர்டு பேப்பர் ஒண்ணு, நியூகாசில் பேப்பர் ஒண்ணு, ரெண்டு ஊருக்கும் சம்பந்தமில்லாத பேப்பர் ஒண்ணு. மூணும் ஒத்துப்போறதை நம்புங்க, ஒத்துப்போகாததை அப்படியே எழுதி வைங்க. அன்னைக்குக் கொடுத்த கப்பும் அந்த வருஷம்தான் புதுசா செஞ்சது, செஞ்சது பிராட்ஃபோர்டுல இருந்த ஃபட்டோரினி நகைக்கடை, முதல் தடவையே சொந்த ஊருக்கே வந்து சேர்ந்துச்சு.

சம்பளம்

ஸ்காட்லாந்துல காசு வாங்கி ஆடறதை 1893-லதான் அனுமதிச்சாங்க, இங்கிலாந்துல 1885-லயே. 1901-லேர்ந்து இங்கிலாந்து ஃபுட்பால் லீக்ல வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல யாருக்கும் தரக்கூடாதுன்னு ரூல், 1910-க்கு அப்புறம் ஒரே கிளப்புல நாலு வருஷம் இருந்தவங்களுக்கு 5 பவுண்டு வரைக்கும். புதுசா சேர்றப்போ கையில கொடுக்கறது 10 பவுண்டுதான். ஸ்காட்லாந்து லீக்ல இந்த மாதிரி உச்சவரம்பு கிடையாது, அதனால இங்கிலாந்து போனா எல்லாருக்கும் ஜாக்பாட்னு நினைச்சுக்காதீங்க. இதை வெச்சு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 1912 டிசம்பர்ல ஸ்பியர்ஸை வாங்க லீட்ஸ் சிட்டி கொடுத்தது 1,400 பவுண்டு, அப்போ அங்க மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன். உலகத்துலயே முதல் ஆயிரம் பவுண்டு டிரான்ஸ்ஃபர் 1905-லதான் நடந்துச்சு, ஆல்ஃப் காமனுக்கு, அதைவிட இது நானூறு அதிகம். வாரம் 4 பவுண்டுன்னா 1,400 பவுண்டு சம்பாதிக்க 350 வாரம் ஆகும், கிட்டத்தட்ட ஏழு வருஷம். அந்தப் பணம் முழுக்க கிளப்புலேர்ந்து கிளப்புக்குப் போச்சு. சரியா சொன்னா வித்தது அவரோட ரிஜிஸ்ட்ரேஷனை, கிளப் அதைக் கையில வெச்சுக்கிட்டா ஒப்பந்தம் முடிஞ்சாக்கூட லீக்ல வேற கிளப்புக்கு ஆட முடியாது. வருஷா வருஷம் சீசன் முடிஞ்சதும் யாரை வெச்சுக்கறோம், யாரை விக்கறோம்னு ரெண்டு லிஸ்ட் வரும், பேப்பர்லயும் போடுவாங்க. உங்க ஆள் திடீர்னு ஒரு சீசன் காணாமப் போயிட்டாருன்னா முதல்ல அந்த லிஸ்டைத் தேடுங்க.

லீட்ஸ் சிட்டி பத்தி ஒரு எச்சரிக்கை. போர் சமயத்துல கெஸ்ட் பிளேயர்களுக்கு (வேற கிளப்புலேர்ந்து தற்காலிகமா வந்து ஆடினவங்க) கள்ளத்தனமா காசு கொடுத்தாங்கன்னு புகார் வந்து, கணக்குப் புத்தகத்தைக் காட்டமாட்டேன்னு டைரக்டர்கள் அடம்பிடிச்சு, 1919 அக்டோபர்ல லீக் அந்த கிளப்பையே வெளிய துரத்திடுச்சு, பிளேயர்களை லீட்ஸ்ல ஒரு ஹோட்டல்ல ஏலம் விட்டாங்க. இப்போ இருக்கற லீட்ஸ் யுனைடெட் அதுக்கு அப்புறம் வந்த வேற கிளப். அதனால புள்ளிவிவர சைட்கள்ல சில இடத்துல ரெண்டையும் கலந்துடுவாங்க, சில இடத்துல சிட்டி காலத்தையே விட்டுடுவாங்க, பார்த்து எடுங்க. கோல் கணக்கு எடுக்கறப்போ லீக் மேட்ச் மட்டுமா, கப் மேட்சும் சேர்த்தாங்கிறதையும் பக்கத்துலயே குறிச்சு வைங்க, ரெண்டு சைட்ல ரெண்டு நம்பர் வர்றதுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

போர்

இந்தத் தலைமுறைக்காரங்க கதை பாதிக்குப் பாதி 1914-லேர்ந்து 1918-குள்ளதான் திரும்பும். ஃபுட்பால் பிளேயர்னாலே ஃபுட்பால்காரங்களை வெச்சே சேர்த்த ஃபுட்பால் பட்டாலியன்ல இருந்திருப்பாருன்னு முடிவு பண்ணிடாதீங்க. 1914 நவம்பர்ல எடின்பரோல ஹார்ட்ஸ் டீம் கூட்டமா போய் மெக்கிரேஸ் பட்டாலியன்ல சேர்ந்த கதை பிரபலம், அதான் 16-வது ராயல் ஸ்காட்ஸ், ஹேமார்க்கெட்ல அவங்களுக்கு நினைவுத்தூணே இருக்கு. ஆனா ஸ்பியர்ஸ் சேர்ந்தது குவீன்ஸ் ஓன் கேமரன் ஹைலேண்டர்ஸ்ல, சாதாரண ஆளாத்தான். 1915-ல கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது, அது 1916-லதான் வந்துச்சு, முதல்ல கல்யாணம் ஆகாதவங்களுக்கு மட்டும். இவருக்கு பொண்டாட்டி, ரெண்டு குழந்தை இருந்துச்சு. தானாத்தான் போயிருக்காரு. சார்ஜெண்ட் ஆனாரு, வீரத்துக்குக் கொடுக்கற மிலிட்டரி மெடல் வாங்கினாரு.

தேட வேண்டிய வரிசை இது. முதல்ல காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன் சைட், ஃப்ரீ. பேரு, தேதி, ரெஜிமெண்ட், எந்த பட்டாலியன், சர்வீஸ் நம்பர், எந்தக் கல்லறை எல்லாம் வரும், குடும்பம் போருக்கு அப்புறம் பதில் எழுதியிருந்தா அட்ரஸும் வரும். அந்த சர்வீஸ் நம்பர்தான் அடுத்த எல்லாத்துக்கும் சாவி, ஒரே பேர்ல ஒரே ரெஜிமெண்ட்ல பல பேர் இருப்பாங்க, நம்பர் ஒருத்தருக்குத்தான். அதை வெச்சு லண்டன்ல நேஷனல் ஆர்கைவ்ஸ்ல மெடல் கார்டு, அப்புறம் சர்வீஸ் ரெக்கார்டு. சர்வீஸ் ரெக்கார்டு கிடைக்கலைன்னா மனசு உடைஞ்சிடாதீங்க, 1940 செப்டம்பர்ல ஜெர்மன் குண்டு விழுந்து பாதிக்கு மேல எரிஞ்சு போச்சு, மிச்சம் இருக்கறதுலயும் ஓரம் கருகின பக்கம் நிறைய. மிலிட்டரி மெடல் கொடுத்த அறிவிப்பு லண்டன் கெசட்ங்கிற அரசிதழ்ல வரும், ஃப்ரீயா தேடலாம், ஆனா என்ன சாகசத்துக்குன்னு அதுல பொதுவா எழுத மாட்டாங்க, அதுக்கு ஊர் பேப்பரைத்தான் பார்க்கணும். பட்டாலியன் நம்பர் இருந்தா வார் டைரியைத் திறக்கலாம், டபிள்யூ ஓ 95 வரிசை, அன்னன்னைக்கு அந்தப் படை எங்க இருந்துச்சு, மழையா வெயிலா, எத்தனை பேர் போனாங்கன்னு ஒரு ஆஃபீசர் எழுதினது. சிப்பாய் பேரு அதுல ரொம்ப அபூர்வமாத்தான் வரும், ஆனா அவர் செத்த நாளுக்கு ஒரு வாரம் முன்னாடிலேர்ந்து படிங்க, கூட நடந்து போற மாதிரி இருக்கும். ஸ்காட்லாந்து சிப்பாய்ங்க எழுதி வெச்ச உயிலும் நிறைய ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்ல இருக்கு, பே புக், அதாவது சிப்பாயோட சம்பளப் புத்தகத்துல ஒரு பக்கத்துல எழுதினது, பல உயில் ரெண்டே வரிதான், எல்லாம் பொண்டாட்டிக்கு, இல்லைன்னா அம்மாவுக்கு.

ஸ்பியர்ஸ் கல்லறை பெல்ஜியத்துல ஈப்பர்ங்கிற ஊருக்குப் பக்கத்துல டோஹி ஃபார்ம் நியூ பிரிட்டிஷ் செமட்ரில இருக்கு. இது போர் நடந்தப்போ வெட்டின கல்லறை இல்லை, போர் முடிஞ்சதுக்கு அப்புறம் சுத்துவட்டாரத்துல சிதறிக் கிடந்தவங்களைத் தோண்டி எடுத்து ஒரு இடத்துல சேர்த்தது. 1,439 பேர்ல 958 பேர் யாருன்னே தெரியாது, மூணுல ரெண்டு பங்கு. இவருக்குப் பேரோட கல்லு இருக்குன்னா யாரோ எதையோ வெச்சு அடையாளம் கண்டுபிடிச்சிருக்காங்க. அந்த மாதிரி சேர்த்த கல்லறைகளுக்கு கமிஷன் சைட்லயே ஒரு ஃபார்ம் ஸ்கேன் பண்ணிப் போட்டிருப்பாங்க, பல பேர் கவனிக்காம கடந்து போயிடுவாங்க. உடம்பு எந்த மேப் பாயிண்ட்ல கிடைச்சுதுன்னு எண்ணு இருக்கும், எதை வெச்சு அடையாளம் கண்டாங்கன்னு ஒரு காலம் இருக்கும், பேர் பொறிச்ச டிஸ்க், பட்டன், பூட்ஸ்ல இருந்த நம்பர், ஒரு ஸ்பூன், இப்படி. அந்த மேப் எண்ணை அப்போதைய டிரெஞ்ச் மேப்ல (பதுங்குகுழிகளைக் காட்டற போர்க்கால மேப்) வெச்சா விழுந்த இடத்துக்குக் கிட்டத்தட்டப் பக்கத்துல போயிடலாம், டிரெஞ்ச் மேப்பும் அதே நேஷனல் லைப்ரரி ஆஃப் ஸ்காட்லாண்ட் சைட்ல இருக்கு.

போர்லேர்ந்து திரும்பி வந்தவங்க

இவங்களைத் தேடறதுதான் நிஜமாவே கஷ்டம், ஏன்னா ஆட்டம் நின்னதும் பேப்பரும் அவங்களை மறந்துடும். 1921 சென்சஸ் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் திறந்தாச்சு, ஜூன் 19-ல எடுத்தது, தொழிலோட முதலாளி யாருன்னும் அதுல கேட்டாங்க, அதனால அந்த நேரத்துல கிளப்புல இருந்தாரா, யார்டுக்குத் திரும்பிட்டாரா, வேலையில்லாம இருந்தாரான்னு தெரியும். அங்கயும் இல்லைன்னா கப்பல் பயணிகள் லிஸ்டைப் பாருங்க, 1920கள்ல நிறைய ஸ்காட்லாந்துக்காரங்க அமெரிக்காவுக்கு ஆடப் போனாங்க, பெத்லஹெம் ஸ்டீல் மாதிரி கம்பெனி டீம்கள் ஃபேக்டரி வேலையும் கொடுத்து ஆட்டமும் ஆட வெச்சாங்க, பிரபல ஸ்காட்லாந்து பிளேயர் அலெக்ஸ் ஜாக்சன்கூட அங்க ஒரு சீசன் ஆடிட்டு வந்தவர்தான். இங்கிலாந்துல தங்கிட்டவங்களுக்கு 1939 ரிஜிஸ்டர், அதாவது ரெண்டாம் உலகப்போர் ஆரம்பிச்சப்போ எடுத்த மக்கள் பதிவு இருக்கு, அதுல பொறந்த தேதி முழுசா இருக்கறதால ஆளை உறுதி பண்றது சுலபம். இங்கிலாந்து 1931 சென்சஸை எதிர்பார்க்காதீங்க, அது 1942-ல தீப்பிடிச்சு மொத்தமா போயிடுச்சு. ஸ்காட்லாந்தோட 1931 கணக்கு பத்திரமா இருக்கு, நூறு வருஷ ரூல் முடிஞ்சு 2032 வாக்குல திறப்பாங்க, அதுவரைக்கும் வேல்யுவேஷன் ரோல் 1930, 1935, 1940 மூணையும் வெச்சு ஓட்டுங்க.